கரை வேலை

இரண்டு ஃபைலையும் ஜெராக்ஸ் எடுத்தவள் நான். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு யாரும் புதிதாக வந்து கதை சொல்ல வேண்டியதில்லை.

முதல் ஃபைல் துரைராஜுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வாயில் புற்று வந்து தாடையில் ஒரு பக்கத்தை எடுத்தார்கள். இரண்டாவது அவர் மனைவி தனக்கோடியுடையது. இந்த வருஷம் ஜூலையில், மார்பில். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் வேளச்சேரி ரோட்டைப் பார்த்தபடி என் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது. என் கடைக்குப் பத்தடி தள்ளி, மூடிக் கிடக்கும் டயர் கடை வாசலில் தனக்கோடி மீன் விற்கிறாள். பன்னிரண்டு வருஷமாக நான் காகிதத்தோடும் அவள் மீனோடும் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கிறோம். என் கடைக்கு வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் பொத்துவதில்லை. காலையில் நல்ல மீனாக இருந்தால் எனக்கென்று நாலு எடுத்து ஓரமாக வைத்திருப்பாள்.

அவர்கள் கானத்தூர் பக்கத்துக் குப்பம். கல்யாணமாகி ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வந்த பிறகும் துரைராஜ் விடியும் முன்னே வண்டி எடுத்துக்கொண்டு கானத்தூர் போய்ப் படகேறுவார். அவர்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. கடல் வேலை ஆம்பளைக்கு, கரை வேலை பொம்பளைக்கு. படகு மணலைத் தொட்டதும் ஆம்பளை வேலை முடிந்தது. அதற்கு மேல் மீனை ஐஸில் போடுவது, கொண்டு வந்து விற்பது, சமைப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, ரேஷன், கேஸ், ஆஸ்பத்திரி எல்லாம் கரை வேலை. துரைராஜ் இதைச் சட்டம் மாதிரி சொல்வார். அந்தக் காலத்தில் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். கடலுக்குப் போகிற ஆள், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வருகிறார், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று.

அவருக்கு வாயில் வந்தபோது தனக்கோடி என்ன செய்தாள் என்று நான் பார்த்திருக்கிறேன். மூக்கு வழியாக ட்யூப் போட்டிருந்தார்கள். கிழங்கான் மீனை வேகவைத்து, ஒரு முள் விடாமல் எடுத்து, குழைந்த சாதத்தோடு மிக்சியில் அடித்து, வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டுவாள். கொஞ்சம் திப்பி இருந்தாலும் ட்யூப் அடைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊற்ற வேண்டும். பத்து மணிக்கு மீன் கூடையை ஈரச் சாக்கால் மூடிவிட்டு, "யக்கா, பாத்துக்கோ, தோ வந்துட்டேன்" என்று வீட்டுக்கு ஓடுவாள். பன்னிரண்டு மணிக்கு மறுபடி. அவள் வரும் வரை நான்தான் காக்கையை விரட்டுவேன். அவர் துப்பும் கிண்ணத்தை அவள்தான் கழுவினாள். புண்ணுக்குக் கட்டு அவள்தான் மாற்றினாள். பேச முடியாத கோபத்தில் அவர் தட்டைத் தூக்கி அடித்ததும் அவள் மேல்தான். நெற்றியில் தழும்பு இன்னும் இருக்கிறது. தெருவில் யாரும் அவளைப் பாராட்டவில்லை. பொண்டாட்டி என்றால் பார்க்கத்தானே வேண்டும்.

இந்த ஜூலையில் அவளுக்கு ஆபரேஷன். பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் பெண்தான் துணைக்கு இருக்கலாம். நியாயமான விதி, நான் குறை சொல்லமாட்டேன். அத்தனை பெண்கள் மேல்துணி விலகிக் கிடக்கிற இடம். ஆனால் ஆண்கள் வார்டில் மனைவி இருக்கலாம், அம்மா இருக்கலாம், மகள் இருக்கலாம். ஆக, யார் படுத்தாலும் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பது பெண்தான். ஒன்பது நாள் நிஷா இருந்தாள். தனக்கோடியின் மகள், இருபத்திரண்டு வயது, காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு காலேஜ் ஆபீஸில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். துரைராஜ் ஒரு நாள் கேட் வரைக்கும் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"பொம்பள வார்டுல ஆம்பளைய வுடமாட்டானுங்க ஜெயஸ்ரீம்மா. ரூலு" என்றார் என்னிடம். தாடை எடுத்ததிலிருந்து பேச்சு கொஞ்சம் குழறும். அன்றைக்கு அந்த ஒரு சொல் மட்டும் தெளிவாக வந்தது.

ஆகஸ்டில் கீமோ ஆரம்பித்தது. இருபத்தொரு நாளுக்கு ஒன்று, மொத்தம் ஆறு. கீமோ அறையில் கட்டில் கிடையாது, வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். காலையில் போய் சாயங்காலம் வந்துவிடலாம். அங்கே ஆண்களும் கூட உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நிஷாவே என்னிடம் சொன்னாள். ஆபேல் என்று ஒருவர், முடிச்சூரில் கார்ப்பென்டர், ஒவ்வொரு தடவையும் மனைவியோடு வந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருப்பாராம். நான் துரைராஜிடம் இதைச் சொன்னேன்.

"எனக்கு அதெல்லாம் இன்னா தெரியும்? டாக்டரு இங்கிலீஷ்ல கேப்பாரு. நிஷா படிச்ச பொண்ணு" என்றார்.

தனக்கோடி மூன்றாம் வகுப்பு. ட்யூபில் எத்தனை மில்லி, எந்த மாத்திரையைப் பொடி பண்ணலாம், எதைப் பண்ணக் கூடாது என்று அவளுக்கு யார் தமிழில் பாடம் எடுத்தார்கள்?

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்றால், என் அம்மா மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தாள். என் அண்ணன் பெங்களூரிலிருந்து ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருவான். அம்மாவுக்கு அப்போது மெல்லவே முடியாது. "பையன் வந்துட்டான்" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் பூரித்துப் போவார்கள். நான் உள்ளே துணி அலசிக்கொண்டிருப்பேன்.

முதல் மூன்று கீமோவுக்கும் நிஷாதான் போனாள். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டுக் கட்டம் கட்டி வைத்திருந்தாள். தேதி, ரத்த அணு எவ்வளவு, என்ன மருந்து, கூட யார். கடைசிக் கட்டம் எதற்கு என்று கேட்டேன். "ஆன்ட்டி, அங்க பேரு கூப்புடும்போதெல்லாம் 'கூட யாரு, கூட யாரு'ன்னுதான் கேக்கறாங்க. அதான் போட்டேன்" என்றாள். ஒன்று, இரண்டு, மூன்று வரிசையிலும் 'நிஷா'. அதற்குக் கீழே வெறும் கட்டங்கள். கீமோ ஆறு முடிந்ததும் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைக்க வேண்டும் என்று அதற்கும் இருபத்தைந்து வரி போட்டு வைத்திருந்தாள்.

கீமோ போட்டு இரண்டு வாரம் தனக்கோடி படுத்தே கிடப்பாள். மீன் வாடையே ஆகாது. ஆனால் துரைராஜுக்குத் தினமும் குழம்பு வேண்டும். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வைப்பாள். மூன்றாவது வாரம் கொஞ்சம் தேறியதும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மீன் வெட்டும் கட்டையைப் போட்டுவிடுவாள். ஆபரேஷன் பண்ணின பக்கம் என்பதால் டாக்டர் இடது கையில் முள்ளோ கத்தியோ படக் கூடாது, கை வீங்கிவிடும், பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். இடது கைக்கு மட்டும் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு சுறாவை வெட்டுவாள்.

அக்டோபர் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. கேம்ப் ரோடு முழுக்கத் தண்ணீர், பஸ்கள் நீந்தி வந்தன. அப்படி ஒரு நாள் மாலை நாலு மணிக்கு அருண்ராஜ் என் கடைக்கு வந்தான். தனக்கோடியின் மூத்த பிள்ளை, சேலையூரில் செல்போன் ஷோரூமில் வேலை. பின்னாலேயே நிஷா, நனைந்த துப்பட்டாவோடு. துரைராஜ் உள்ளே வராமல் வாசல் தகர ஷீட்டுக்குக் கீழே ஒதுங்கி நின்றார்.

"ஆன்ட்டி, ஒரு லெட்டர் டைப் பண்ணணும். ரிசைன் லெட்டர்."

"யாருக்கு?"

"இவளுக்குதான்."

நிஷா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குப்பா வேலையை விடணும்?"

"அம்மாக்கு இன்னும் மூணு கீமோ கீது ஆன்ட்டி. அப்பறம் கரண்ட் வெக்கணும், இருவத்தஞ்சு நாளு. யாரு கூட போறது? இவ ஆபீஸ்ல லீவு கேட்டா மூஞ்சிய காட்றாங்களாம். ஒரே பேஜாரு. அதான் வுட்டுட சொல்லிட்டோம்."

"சொல்லிட்டோம்னா யாரு?"

"நானும் நைனாவும்."

"டிசம்பர்ல பர்மனென்ட் ஆவும் ஆன்ட்டி" என்றாள் நிஷா மெதுவாக. "ரெண்டு மாசம்தான்."

"வேல எங்க ஓடிப்போவுது? அப்பறம் பாத்துக்கலாம்" என்றான் அண்ணன்காரன்.

"நீ ரிசைன் பண்ணேன் அருண்" என்றேன்.

சிரித்தான். "இன்னா ஆன்ட்டி, காமெடி பண்றீங்க. நான் ஆம்பள புள்ள."

"அது தெரியுது. நான் வேலையைப் பத்திக் கேட்டேன்."

அவனுக்கு அது புரியவேயில்லை. மரியாதையான பையன்தான். கடைக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு வருவான். தங்கை வேலைக்குப் போவது அவள் கல்யாணம் வரைக்கும் ஒரு பொழுதுபோக்கு என்று அவன் தலையில் யார் எழுதி வைத்தார்களோ, அது மட்டும் அழியவில்லை.

டைப் பண்ண உட்கார்ந்தேன். நான் கடைக்காரி, கேட்டதைத்தானே அடித்துக் கொடுக்க வேண்டும். நிஷாவின் பெயரை அடித்தேன். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. ஸ்பெல்லிங் கேட்டேன். தேதி கேட்டேன். ஆபீஸ் விலாசத்தை இரண்டு தடவை சொல்ல வைத்தேன். அதற்குள் தனக்கோடி வந்துவிட்டாள். மழைக்குக் கடையை மூடிவிட்டு, தலையில் துண்டும் இடது கையில் உறையுமாக வாசலில் நின்றாள்.

"இன்னா டைப் பண்ணிகினு கீறீங்க எல்லாரும்?"

அருண்ராஜ் வெளியே நின்ற அப்பாவைப் பார்த்தான். அவளிடம் சொல்லாமலே முடிவு பண்ணியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"நிஷா வேலையை விடறதுக்கு லெட்டர்" என்று நானே சொன்னேன்.

தனக்கோடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "எத்தினி வரி ஆச்சு யக்கா?"

"பேரு மட்டும்தான்."

"அத்த அழி."

அழித்தேன். இத்தனை வருஷத்தில் இவ்வளவு வேகமாக நான் எதையும் அழித்ததில்லை.

"யோவ், உள்ள வா" என்றாள் வெளியே பார்த்து.

"மழ..." என்றார் துரைராஜ்.

"உள்ள வான்னேன்."

வந்தார். கதவோரமாக நின்றார்.

"உனுக்கு மூக்குல ட்யூப் போட்டாங்களே, அப்ப கூட யாரு இருந்தது?"

"நீதான்."

"ஒரு நாளாவது வேற யாரையாவது அனுப்சனா?"

"இப்ப எதுக்கு அத்தெல்லாம்? அது வேற தனம். ஆஸ்பத்திரி, கீஸ்பத்திரி எல்லாம் கரை வேலை. பொம்பளைங்க பாக்கறது. நான் வந்து இன்னா பண்ணப் போறேன்? சொம்மா குந்திகினு இருக்கணும்."

"நீ கடலுக்குப் போயி மூணு வருசம் ஆவுது" என்றாள் தனக்கோடி. குரலைத் தூக்கவேயில்லை. "போட்ட வித்தாச்சு. வலைய உன் தம்பிக்குக் குடுத்தாச்சு. இப்ப நீ எங்க கீற? கடல்லயா கீற? நீயும் கரையிலதான கீற."

துரைராஜ் சட்டையில் சொட்டிய மழைத் தண்ணீரைத் துடைத்தார்.

"கரையில கீற ஆளுக்கு இன்னா வேலைன்னு நீயே சொல்லு. நானும் மூணு வருசமா பாக்கறேன். துன்ற, டீக்கடைக்குப் போற, பேப்பர் பாக்கற, வர."

"அம்மா, நைனாக்கு உடம்பு..." என்று அருண்ராஜ் ஆரம்பித்தான்.

"நைனாக்கு உடம்பு நல்லா கீதுன்னு டாக்டரு போன வருசமே சொல்லிட்டாரு. எனுக்குதான் நல்லா இல்ல. அத்த நீங்க ரெண்டு பேரும் பாத்தீங்களா?" தலைத் துண்டை இறுக்கிக்கொண்டாள். "வியாழக்கெழம நாலாவது கீமோ. நிஷா ஆபீசுக்குப் போவும். நீ வர. நீ வர்லன்னா நானும் போவல. இங்கயே மீன் வித்துகினு கெடக்கறேன். எத்தினி நாளு வருதோ வரட்டும்."

"ம்மா, அப்டி பேசாதம்மா, நான் வேலைய வுட்டுடறேன்" என்று நிஷா அழுதாள்.

"நீ சும்மா இரு. உங்கப்பனுக்கு வாய எடுத்தப்ப நீ காலேஜி ரெண்டாவது வருசம். ஒரு நாளு வார்டுக்கு உன்ன கூப்டனா? பரிச்சைக்கு அனுப்பிட்டுதான நான் போனேன். அத்த வீணாக்க வுடமாட்டேன்."

சொன்னால் செய்கிறவள். அது அந்த மூன்று பேருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாதியில் விட்டால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும், அந்த ஃபைலை நான் படித்திருக்கிறேன். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் ஆறு மணிக்கே கடையைத் திறந்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் தனக்கோடி நின்றாள். கையில் ஃபைல், தண்ணீர் பாட்டில், வாந்தி வந்தால் எடுக்க பிளாஸ்டிக் பை. நாலடி தள்ளி துரைராஜ், இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். கையில் ஒன்றுமில்லை. தாம்பரம் பஸ் வந்ததும் தனக்கோடி எல்லாவற்றையும் அவர் கையில் திணித்துவிட்டு முன்னால் ஏறிக்கொண்டாள். பின்னாலேயே அவரும் ஏறினார். நான் மூச்சு விட்டேன்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு வாரம் தனக்கோடி படுத்திருந்தாள். அந்த இரண்டு வாரமும் துரைராஜ் தெருவில் ராஜா. டீக்கடையில் அவருக்கு ஸ்ட்ராங்காக டீ. "நாள் முழுக்க பொண்டாட்டி பக்கத்துலயே இருந்தாராமே" என்று சர்ச் ஸ்கூல் டீச்சர் கிறிஸ்டி என்னிடமே வந்து ஆச்சரியப்பட்டாள். கண்ணில் தண்ணீர் வேறு. "உங்க வீட்டுக்காரருக்கு ஹெர்னியா பண்ணினப்ப நீங்க எத்தனை நாள் இருந்தீங்க டீச்சர்?" என்று கேட்டேன். "அது நான் இருக்காம வேற யாரு" என்றாள்.

மூன்றாவது வாரம் மழை விட்டது. தனக்கோடி கட்டையைப் போட்டாள். பக்கத்தில் ஸ்டூலில் துரைராஜ் உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு தினகரன் வந்தார். இந்த வரிசைக் கடையெல்லாம் அவருடையதுதான். அவர் அப்பா காலத்தில் இங்கே நெல் விளைந்ததாம். என் கடைக்கும் அவர்தான் ஓனர் என்பதால் நான் எழுந்து நின்றேன்.

"நெத்திலி அரைக் கிலோ போடு தனக்கோடி" என்றவர் துரைராஜின் தோளில் தட்டினார். "கேள்விப்பட்டேன்யா துரை. பொண்டாட்டிக்காக ஆஸ்பத்திரியில நாளெல்லாம் உக்காந்திருந்தியாமே. இந்தக் காலத்துல எவன் செய்யறான்? தனக்கோடி, நீ குடுத்து வெச்சவ."

துரைராஜ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

தனக்கோடியின் கை நின்றது. "சார், அன்னிக்கி நர்சம்மா இந்த ஆள்கிட்ட ஒண்ணு கேட்டுச்சு. இன்னான்னு சொல்லட்டா?"

"தனம், வுடு" என்றார் துரைராஜ்.

"ஆபரேசன் எந்தப் பக்கம்னு கேட்டுச்சு. அந்தப் பக்கத்துக் கையில ஊசி போடக் கூடாது சார், அதான் கேட்டுச்சு. அந்த ரூமு வாடைக்கே எனுக்கு வாந்தி வந்துடும். பையில மூஞ்சிய வெச்சுகினு இருந்தேன், பேச முடியல. இந்த ஆளு சோத்துக்கைப் பக்கம்னு சொல்லிச்சு. நர்சம்மா என் பீச்சாங்கைய தூக்கிச்சு. நான்தான் வெடுக்குனு இஸ்துகினேன். அது என்னப் பாக்குது, இந்த ஆள பாக்குது. 'ஏங்க, ஒரே வூட்லதான கீறீங்க, பொண்டாட்டிக்கு எந்தப் பக்கம்னு தெரியாதா'ன்னுச்சு. அத்தினி பேரும் திரும்பிப் பாக்கறாங்க."

இதை அவள் என்னிடம்கூட அதுவரை சொல்லியிருக்கவில்லை. இடது, இடது, இடது என்று அந்த ஃபைலில் எத்தனை காகிதத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரிக்குத் தெரிகிறது. துரைராஜுக்கு எந்தப் பல்லால் மெல்ல முடியும், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் எச்சில் வழியும் என்று தனக்கோடிக்குத் தெரியும். நாலு மாசமாக ஒரே கூரைக்கு அடியில் குழம்பு வாங்கித் தின்கிற இந்த ஆளுக்குப் பொண்டாட்டிக்கு எந்தப் பக்கத்தை அறுத்தார்கள் என்று தெரியவில்லை.

"சரி சரி, ஏதோ பதட்டம், மறந்திருப்பான்" என்றார் தினகரன், பையை வாங்கிக்கொண்டே.

"மறக்கறதுக்கு மொதல்ல தெரிஞ்சிருக்கணும் சார்."

தினகரன் போய்விட்டார். மீதிச் சில்லறைகூடக் கேட்கவில்லை. தனக்கோடி உறையைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"யக்கா, நிஷா நோட்டு உன்கிட்டதான கீது?"

ரத்த ரிப்போர்ட் ஜெராக்ஸ் ஒட்டுவதற்காக நிஷா கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். எடுத்து வந்தேன். மூன்று வரி நிஷா. நாலாவதில் நிஷா கையெழுத்தில் 'அப்பா'. அதற்குக் கீழே கீமோவுக்கு இரண்டு, கரண்டுக்கு இருபத்தைந்து. நான் பேனாவைத் திறந்தேன்.

"நீ எழுதாத யக்கா. ஆளு கையில குடு."

கொடுத்தேன். துரைராஜ் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு விழித்தார். "எது எழுதணும்?"

"கூட யாருன்னு கட்டம் கீது பாரு. கடைசி வரைக்கும் எல்லாத்துலயும் உன் பேர எழுது. பேர் பக்கத்துல எந்தப் பக்கம்னும் எழுது."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுத ஆரம்பித்தார். துரைராஜ், இடது. துரைராஜ், இடது. மீன் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். என்ன என்று ஒரு அம்மாள் கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, கரை வேலை" என்றாள் தனக்கோடி. பாதியில் அவர் நிமிர்ந்து, "கை வலிக்குது தனம்" என்றார்.

"வலிக்கும். எழுது."

எழுதி முடிக்கப் பதினொன்றரை ஆகிவிட்டது. நோட்டை நீட்டினார். தனக்கோடி வாங்கவில்லை. செதிலும் ரத்தமுமாகக் கிடந்த கட்டையைக் காட்டினாள்.

"அத்த கழுவி வெய். எனுக்கு முள்ளு குத்தக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிகீறாரு."

அந்த ஆள் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கட்டையைத் தூக்கினார். நான் தண்ணீர் பக்கெட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"எந்தக் கையில குத்தக் கூடாது?" என்று கேட்டேன்.

துரைராஜ் குனிந்தபடியே ஏதோ சொன்னார். ரோட்டில் பஸ் போயிற்று. எனக்குக் கேட்டது. ஆனாலும் இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னேன்.